ஷோ முடியட்டும்

எங்கள் நாடகக் குழுவில் பத்துப் பேர் நடித்தால் ஆறு பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவார்கள். வீட்டில் அம்மாவோடு சண்டை போடுகிற அளவுக்கு நன்றாகவே பேசுவார்கள். எழுத்தைக் காட்டினால் முழிப்பார்கள். இங்கே மும்பையிலேயே பிறந்து, இங்கிலீஷில் படித்து, ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகள். அவர்களைத் திட்டி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. என் கதைகளைப் படிக்காதவர்களில் அவர்களும் சேர்த்தி, அவ்வளவுதான்.

அதனால் எங்களுக்கு என்று ஒரு வேலைமுறை இருந்தது. நான் தமிழில் எழுதுவேன். என் மனைவி அதை அப்படியே இந்தி எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். பிள்ளைகள் அதை வைத்து மனப்பாடம் செய்வார்கள். மனப்பாடம் என்றால் பாதிதான். மீதியை அவள் மேடையின் இடது ஓரத்தில், படுதாவுக்குப் பின்னால், ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பாள். பிராம்ப்டிங். கையில் சின்ன டார்ச். யாருக்கு முதல் சொல் போதும், யாருக்கு முழு வாக்கியமும் வேண்டும், யார் முழிப்பது நடிப்பு, யார் முழிப்பது மறதி, எல்லாம் அவளுக்குத் தெரியும். நடிக்கிறவன் வாயைத் திறப்பதற்கு ஒரு சொல் முன்னால் அவள் உதடு ஓடிக்கொண்டிருக்கும். யாராவது மறந்தால் மட்டும்தான் சத்தம் வரும். ஒத்திகையில் ரொம்பவும் சொதப்பினால் டார்ச்சால் ஸ்டூலில் இரண்டு தட்டு தட்டுவாள். காட்சியை மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று அர்த்தம். இயக்குநர் சொன்னால் முனகுகிற பிள்ளைகள், அந்த இரண்டு தட்டுக்கு முனகியதே இல்லை. அவள் இருபத்தெட்டு வருடம் தாராவியில் தமிழ்ப் பள்ளி டீச்சர். அந்தப் பழக்கம்.

நான் பேய்க்கதை எழுதுகிறவன். பகலில் ஒரு மருந்துக் கம்பெனிக் கிடங்கில் கிளார்க். தாராவி லேபர் கேம்ப்பில் வீடு. சென்னையில் ஒரு பதிப்பகம் மாதம் ஒன்றாகப் போடுகிற பாக்கெட் நாவல்களில் வருடத்துக்கு மூன்று நான்கு என்னுடையது. மாட்டுங்காவில் வாழையிலை விற்கிற கடைக்குப் பக்கத்துக் கடையில் கிளிப்பில் தொங்கும். கதைக்குள் பேய் எதை உடுத்தியிருந்தாலும் அட்டையில் வெள்ளைப் புடவைதான். ஒருமுறை என் பேய் ஒரு லாரி டிரைவர். மீசை உண்டு. அட்டையில் வெள்ளைப் புடவை. பதிப்பாளருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"சார், டிரைவரைப் போட்டா எவன் சார் வாங்குவான்? உள்ள டிரைவர் இருக்கட்டும், வெளிய பொண்ணு இருக்கட்டும். விடுங்க சார்" என்றார்.

மாட்டுங்கா நாடகக்காரர்கள் வேறு வகை. பாங்கில், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பங்கள். மரியாதையானவர்கள். ஆனால் பேய்க்கதை என்றால் சட்டையில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். எங்கள் இயக்குநரும் அப்படித்தான்.

"பேயெல்லாம் நம்ம ஜனத்துக்கு எடுபடாது ஓய். முதல் வரிசை மாமிகள் நாலு தடவை சிரிக்கணும். வீட்டுக்குப் போறச்சே ஒரு சொட்டுக் கண்ணீர். அது போதும்."

பதினாறு வருடம் அவர்களுக்கு மாமியார் மருமகள் நாடகம் எழுதினேன். ஒன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை. பதினேழாவது வருடம், அவருக்கு என்ன தோன்றியதோ, "சரி ஓய், ஒரே ஒரு தடவை உம்ம பேயை மேடையில விடும்" என்றார். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அந்த ஒரே ஒரு தடவைக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன்.

நாடகம் இதுதான். குடிசைப் பகுதியை இடித்துக் கட்டிய புதுக் கட்டடத்தில், பதினாலாவது மாடி வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவருகிறது. சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் ஒரு பெண்ணின் குரல் வருகிறது. வீடு கொடுப்பதற்கு எடுத்த கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டுச் செத்துப்போனவள். அவளை யாரும் பார்ப்பதில்லை. குரல் மட்டும்தான். நாடகம் முழுக்க அவள் கேட்பது ஒரே கேள்வி. "என் பேரு லிஸ்ட்டுல இருக்கா?"

அந்தக் குரலுக்குச் செம்பூரில் இருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பிள்ளை. குரலும் நல்ல குரல், அதுதான் பிரச்சினை. தேன் விளம்பரம் மாதிரி இருந்தது. பள்ளிக்கூட வகுப்பறையில் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மூன்றாவது வாரம் அவள் அந்த வரியை மறந்துவிட்டாள். ஸ்டூலில் இருந்து என் மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

"என் பேரு லிஸ்ட்டுல இருக்கா?"

அந்த வாரம் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. டீச்சர் தொண்டை, அடிக்கடி கட்டும். ஆனால் அன்றைக்கு வந்த சத்தம் வேறு. துருப்பிடித்த இரும்பில் துணியை இழுத்த மாதிரி இருந்தது. வடை தின்றுகொண்டிருந்தவன் கையை வாய்க்குக் கொண்டு போகாமல் நிறுத்திவிட்டான்.

"டீச்சர், அதை இன்னொரு தடவை சொல்லுங்கோ" என்றார் இயக்குநர்.

சொன்னாள்.

"அங்கிள், ஆன்ட்டியே பண்ணட்டும் நா" என்றாள் செம்பூர்ப் பெண். "சச் மே, எனக்கே டர் லகுது." நிஜமாகவே அவளுக்கே பயமாக இருக்கிறதாம்.

"ஏ, எனக்குச் சளி பிடிச்சிருக்கு பிள்ள. சளி போனா பேயும் போயிரும்" என்று என் மனைவி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இந்தச் சளி போகக் கூடாது என்று நினைத்தேன். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

போகவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. அவள் தினமும் மிளகுப்பால் போட்டுக் குடித்தாள். ஒரு நாள் காலையில் குரல் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. அடுப்படியில் போய் நின்றேன்.

"ஏ பிள்ள, அந்தப் பாலக் குடிக்காத."

"ஏன்?"

"குரல் தெளிஞ்சிரும்."

அவள் தம்ளரையும் என்னையும் பார்த்தாள். "உங்களுக்குப் பொண்டாட்டி தொண்டையவிடப் பேய்த் தொண்டைதான் பெருசாப் போச்சு, என்ன?"

"ஷோ முடியட்டும். அப்புறம் வாளி வாளியாக் குடி."

தம்ளரைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். சிரித்துக்கொண்டுதான் கவிழ்த்தாள். அவளுக்கும் அந்த நாடகம் பிடித்திருந்தது. பதினாறு வருடம் படுதாவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு முதல் முறையாக ஒரு வேடம். அதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

இரண்டாவது மாதம், "விழுங்கும்போது ஏதோ உருண்ட நிக்க மாதிரி இருக்கு. டாக்டர்ட்ட போவோமா?" என்று கேட்டாள். ஷோ முடியட்டும் என்றேன்.

மாட்டுங்காவில் ஷோ நடந்தது. பட்டுப்புடவை மாமிகள் முதல் வரிசையில் இருந்தார்கள். சிரிக்க வந்தவர்கள். குழாயில் இருந்து அந்தக் குரல் வந்ததும் பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. பிறகு குழந்தைகூட அழவில்லை. முடிந்து விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் கை தட்டவில்லை. பதினாறு வருடமாக நான் வாங்கிய கைதட்டல் எல்லாவற்றையும்விட எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் பெரிது. ஒரு மாமி என்னிடம் வந்து, "இனிமே ஆத்துல பைப்பைத் திறக்கவே பயமா இருக்கும், கேட்டேளா" என்றாள். இயக்குநர் என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஜமாய்ச்சுட்டேள் டீச்சர்."

செம்பூரில் கூப்பிட்டார்கள். ஷோ முடியட்டும் என்றேன். பிறகு நவி மும்பையில். முடியட்டும். ஒவ்வொரு ஷோவுக்கும் அவள் குரல் இன்னும் கெட்டுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு ஷோவும் முந்தையதைவிட நன்றாக இருந்தது. செம்பூரில் ஒலி பார்த்த பையன் அவள் வரிகளைத் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டான். "ஸ்பேர் இருக்கட்டும் சார்" என்றான்.

தொண்டை கட்டி ஐந்து மாதம் ஆனபோது, காது வலிக்கிறது என்று அவள் ஒரு நாள் பூராவும் படுத்துவிட்டாள். அப்போதுதான் கூட்டிக்கொண்டு போனேன். காது டாக்டரிடம். அவர் காதைப் பார்க்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அங்கே இருந்த டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவர். குரல் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"ஏக் மஹினா."

ஒரு மாதம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. சின்னப் பையன் திட்டிவிடுவானோ என்ற பயம். அவ்வளவுதான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது குரல் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் ஃபைலில் ஒரு மாதம் என்று எழுதினார்.

சதையை வெட்டிச் சோதித்த ரிசல்ட் வந்தது. புற்று. குரல்வளையை எடுத்துவிட வேண்டும், கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு, பேச்சு வராது என்றார். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் கதிர்வீச்சோடு முடிந்திருக்கலாம், குரலையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். நான் தலையில் கை வைத்ததைப் பார்த்து அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். என் தோளைத் தொட்டார்.

"ஏக் மஹினே மே ஆ கயே ஆப். ஆப் கீ கல்தி நஹி ஹை."

ஒரு மாதத்திலேயே வந்துவிட்டீர்கள், உங்கள் மேல் தப்பில்லை என்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தாங்க்யூ சொன்னேன். என் மனைவி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து, மூடி, திறந்தாள்.

ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கடைசியாகப் பேசியது இது.

"கேஸ அடச்சிட்டு வந்தியளா?"

"ஆமா" என்றேன். அடைத்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்தோம். பழைய மாணவி ஒருத்தி வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கி வந்து கொடுத்தாள். என்னைக் கூப்பிட வேண்டும் என்றால் என் மனைவி ஸ்டீல் தம்ளரில் கரண்டியால் தட்டுவாள். எழுதிக் காட்டுவாள். "அரிசி." "பக்கத்து வீட்டுச் சாவி." "ஃபேனக் குறைங்க." என்மேல் கோபம் என்று ஒரு வரி எழுத மாட்டாளா என்று காத்திருந்தேன். எழுதவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று நான் கத்தினேன். உண்மையில் உப்பு இருந்தது. அவள் உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

பதிப்பாளருக்கு எப்படியோ செய்தி போயிருக்கிறது. போன் செய்தார். ரொம்ப வருத்தப்பட்டார். வருத்தம் நிஜம்தான். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பேய்க்குக் குரல் கொடுத்தவங்களுக்குக் குரல் போயிடுச்சு. இதையே எழுதுங்க சார். உண்மைச் சம்பவம்னு போட்டுடலாம்."

அசிங்கமாகத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன் என்று எழுத ஆசை. நான் வைக்கவில்லை. "எத்தன பக்கம்?" என்று கேட்டேன்.

பதினெட்டுப் பக்கம் எழுதினேன். அந்தக் கதையில் வரும் புருஷன் நல்லவன். மனைவிக்குத் தொண்டை கட்டிய வாரமே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். நாடகம் வேண்டாம் என்கிறான். அவள்தான் கேட்க மாட்டேன் என்கிறாள். குற்றம் எல்லாம் பேயின் மேல். எழுத எழுத எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே போனது. என் கையெழுத்துப் பிரதியை எப்போதும் முதலில் படிக்கிறவள் அவள்தான். அந்தப் பழக்கத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், அவள் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மடையன்.

சாயங்காலம் வந்தேன். பக்கங்கள் மேஜையில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் நோட்டுத் திருத்துகிற சிவப்புப் பேனா. முதல் மூன்று பக்கத்தில் எப்போதும் போல விட்டுப்போன எழுத்துகளைத் திருத்தியிருந்தாள். நான்காவது பக்கத்தில் புருஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற இடம். முழுப் பக்கத்துக்கும் குறுக்கே கோடு. ஓரத்தில் அவள் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

"இப்படி நடக்கல. அஞ்சு மாசம். டாக்டர்ட்ட சொல்லுங்க."

அவள் அடுப்படியில் இருந்தாள். நான் அங்கே போகவில்லை. பதினெட்டுப் பக்கத்தையும் கிழித்தேன். அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

அடுத்த முறை செக்கப்புக்குப் போனபோது சொன்னேன். "டாக்டர் ஸாப், ஏக் நஹி, பாஞ்ச் மஹினா தா." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். ஃபைலில் முன்னால் புரட்டி, ஒன்றை அடித்து ஐந்து என்று எழுதினார். தோளைத் தொடவில்லை. கல்தி நஹி என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து தாதர் போகிற பஸ்ஸுக்கு நின்றோம். நான் அழுதேன், நடுரோட்டில், ஆபீஸ் விடுகிற கூட்டத்தில். அவள் என் கையில் இருந்த ஃபைலை வாங்கிக்கொண்டாள். நான் நனைத்துவிடுவேன் என்று நினைத்திருப்பாள். எக்ஸ்ரே எல்லாம் அதில்தான் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இயக்குநர் வீட்டுக்கு வந்தார். நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்தார். அதை அவளால் விழுங்க முடியாது என்று அவருக்குத் தெரியவில்லை. சுற்றி வளைத்துப் பேசினார். குழுவுக்கு ஐம்பதாவது வருஷம். எல்லோரும் அந்த நாடகத்தைத்தான் கேட்கிறார்கள்.

"டீச்சர் குரல்தான் ரெக்கார்டிங்ல இருக்கே ஓய். லேப்டாப்ல போட்டுக்கலாம்னு பசங்க சொல்றா..."

"வெளிய போங்க" என்றேன். எழுபத்து மூன்று வயது மனிதர். எழுந்தே விட்டார். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மாமிகளைச் சிரிக்க வையுங்கள், செத்தாலும் உங்களுக்கு எழுத மாட்டேன், எல்லாம் சொன்னேன்.

தம்ளர் சத்தம் கேட்டது. அவள் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் தெரிகிற மாதிரி திருப்பினாள்.

"போடுங்க. நான் பிராம்ப்டிங்குக்கு வாரேன்."

நான் கேட்டேன், வேண்டும் என்றே கொடூரமாகக் கேட்டேன். "எத வச்சி?"

அவள் உதட்டைக் காட்டினாள். பிள்ளைகளுக்கு அவள் உதடு பழக்கம்தானே என்கிற மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஒத்திகை. அதே வகுப்பறை. இடது ஓரத்தில் அதே மர ஸ்டூல். கழுத்துத் துளையை மறைத்துப் பருத்தித் துணி கட்டியிருந்தாள். கையில் டார்ச். பிள்ளைகள் மறந்தபோது அவள் பக்கம் திரும்பினார்கள், அவள் உதட்டை அசைத்தாள், அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். செம்பூர்ப் பெண் இப்போது அந்தக் குடும்பத்து மருமகளாக நடிக்கிறாள். அவள் வந்து குழாயைத் திறக்கிற காட்சி. ஒலி பார்க்கிற பையன் லேப்டாப்பில் தட்டினான்.

"என் பேரு லிஸ்ட்டுல இருக்கா?"

நான் குரலைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் என் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் போல ஒரு சொல் முன்னால். குரல் "பேரு" என்னும்போது உதடு "லிஸ்ட்டுல" என்றது. லேப்டாப்புக்கு மறதி கிடையாது. யாரும் எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை. இருந்தாலும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

செம்பூர்ப் பெண் அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அவளும் ஸ்டூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தாள். நிறுத்துங்கள், போதும், வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல நான் எழுந்தேன்.

டார்ச்சால் ஸ்டூலில் இரண்டு தட்டு விழுந்தது.

யாரும் முனகவில்லை. செம்பூர்ப் பெண் குழாயை மூடிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். பையன் லேப்டாப்பில் பின்னால் தள்ளினான். நான் உட்கார்ந்தேன்.